மேல் வீட்டுத் தண்ணீர்

மூன்றாவது முறை.
துவைத்து உலர்த்திய வெள்ளை விரிப்பில்
தேநீர் நிறத்தில் ஒரு கோடு.
புறா எச்சமில்லை, மழையுமில்லை;
ஜூலை, திபிலீசி,
தார்ச்சாலை செருப்பைப் பிடித்திழுக்கும் வெயில்.
கொடிக்கயிறு என்னுடையது, ஐந்தாம் மாடி.
ஒழுகுவது ஆறாம் மாடி.

விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு
படியேறினேன். லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்,
கோபத்துக்கு வேண்டாம்.

ஒரே சமையலறை, இரண்டு உப்பு ஜாடி.
எல்குஜாவும் நுக்ஸாரும் கூடப் பிறந்தவர்கள்.
அப்பாவின் காரை விற்ற பணத்தில் என்னவோ தகராறு,
இரண்டு வருடமாகப் பேச்சில்லை என்று
கட்டடத்துக்கே தெரியும்.
பால்கனியில், தயிர் டப்பாவில்,
ஊதா இலை ரெஹானி:
தொங்கிய தலை, மஞ்சள் விளிம்பு,
மண்ணைச் சுற்றிப் பொடிப் பொடியாய்க் கொசு.

"வாடுகிறதே என்று தினம் காலையில் ஊற்றுகிறேன்,"
என்றான் எல்குஜா, குரலைத் தாழ்த்தி.
"அவனுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படும்?"

உள்ளறைக் கதவு திறக்காமலே பேசியது:
"ராத்திரி ராத்திரி நான் ஊற்றியிருக்காவிட்டால்
என்றைக்கோ செத்திருக்கும் என்று
அவனிடம் சொல்லுங்கள்."

சொல்ல என்ன இருக்கிறது.
நான் எல்குஜாவைப் பார்த்தேன்,
எல்குஜா டப்பாவைப் பார்த்தான்.
டப்பா, சொட்டு, என் விரிப்பு.

நான் ஒன்றும் தோட்டக்காரியல்ல.
பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகு உருக்குபவள்.
போன வருடம் புதினாவையே சாகடித்தவள்;
புதினாவைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும்
என்று விதைக் கடைக்காரி வாய்விட்டே சிரித்தாள்.
அந்தச் சாவில் கற்றது இவ்வளவுதான்:
தண்ணீர் இல்லாமலும் தலை தொங்கும்,
தண்ணீரில் மூச்சு முட்டியும் தலை தொங்கும்.
மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று.
விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

விட்டேன், இரண்டாம் கணு வரை.
சேறு. குட்டையின் வாடை.
கவிழ்த்தேன்: பழுப்பேறிய வேர்கள்,
இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்தன.

நிமிர்ந்திருந்த கிளை ஒன்றே ஒன்று.
கணுவுக்குக் கீழே கத்தரித்து
அடியிலைகளைக் கிள்ளிப் போட்டு
ஒயின் கிளாசில் நிறுத்தினேன். அந்த வீட்டில்
கிளாசுக்குப் பஞ்சமில்லை,
எதிரே உட்காரத்தான் ஆளில்லை.

சட்டைப்பையில் பச்சை நிறத் துணிக் கிளிப் ஒன்று கிடந்தது.
கிளாஸ் விளிம்பில் மாட்டினேன்.
"தண்ணீர் மாற்றியவர் இதை மாட்டட்டும்.
இரண்டு நாள் கழித்துக் கழற்றட்டும்.
இது இருக்கும்வரை மற்றவர் கை வைக்கக் கூடாது."
கதவுக்கும் கேட்கும்படி
உரக்கவே சொன்னேன்.

அதன்பிறகு என் விரிப்புகள் வெள்ளையாகவே உலர்ந்தன.
பத்தாம் நாள் மாடிப்படியில் நுக்ஸார் வழிமறித்தான்,
கையில் முட்டைகள், அதையும் மறந்து
கட்டைவிரலால் சுட்டுவிரலில் அளந்து காட்டினான்:
வேர். இவ்வளவு. வெள்ளை.
"டப்பாவின் அடியில் நான்கு ஓட்டை போட்டோம்,
ஆணியைச் சூடாக்கி. தட்டும் வைத்தாயிற்று,"
என்றவன் தட்டு எதற்கு என்பதை விழுங்கிக்கொண்டான்.
போட்டோம் என்றானா, போட்டேன் என்றானா,
முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
சரியாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கதவு தட்டல்.
எல்குஜா. நாளிதழில் சுருட்டிய
ஒரு பிடி ஊதா.
"நுனியைக் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்குமாம்.
நுக்ஸார் கொடுக்கச் சொன்னான்."

தக்காளி இருந்தது, வெள்ளரி இருந்தது,
வெங்காயம் பாதி நறுக்கியிருந்தது.
"மேலே வால்நட் இருக்கிறதா?" என்றேன்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்று
படியேறினான்.