நூறு கட்டங்கள்

காசிமேட்டில் நூற்று எண்பது வீடு,
முப்பத்தாறு மாதம்.
மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு
எழுதிக்கொண்டு வந்தோம்.
எண்களுக்கும் கவிச்சி உண்டு இங்கே.
ஏப்ரல் பாதியில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டதும்
எல்லா வீட்டுக் கோடும் சரியும்,
ஜூன் பாதியில் நிமிரும்.
அதற்குப் பருவம் என்று பெயர் வைத்துக் கழித்துவிடுவோம்.
அறுபத்தொரு நாள் அரைவயிற்றைக் கழிக்க
ஒரு வரிக் கட்டளை போதும்.

மாதிரியிலிருந்து கழன்றவர்கள் தனி.
வீடு இடிபட்டு
பெரும்பாக்கத்துக்கு லாரியில் போனவர்கள்
என் கோப்பில் வெறும் புள்ளி.
புள்ளி என்றால் பூஜ்யம் அல்ல,
தெரியாது என்று பொருள்.
கணினிக்கு இதை விளக்கிவிட்டேன்.
துறைத் தலைவருக்கு இன்னும் முடியவில்லை.

பதினேழாம் வீடுதான் இடித்தது.
முப்பத்தாறு மாதமும் ஒரே எண்:
ஒன்பதாயிரத்து நானூறு.
தடைக்காலத்திலும் அதே.
எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் படர்ந்து
மீனை யாரும் வாங்காத மாதத்திலும் அதே.
கொருக்குப்பேட்டை கேட்டை இறக்கிவிட்டாற்போல
திரையின் குறுக்கே ஒரு கோடு.

ரிஸ்வானா வீட்டிலேயே உட்கார்ந்து
நிரப்பியிருப்பாள் என்று நினைத்தேன்.
நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லிவிட்டேன்.
அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.
"வாங்க, நீங்களே கேளுங்க."

தேசராணி இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"போன மாசம் இன்னா சொன்னனோ
அதையே போட்டுக்கோ."
அதெப்படி மாதாமாதம் ஒரே செலவு?
"வாடக, அரிசி, கேஸு, புள்ளைங்க ஃபீஸு.
இதுல எத்த நிறுத்தச் சொல்ற?
துட்டு வந்தாலும் வராங்காட்டியும்
அவ்ளோதான்."
வராத மாதத்தில்?
"தண்டல்."

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து எடுத்தாள்:
மஞ்சள் அட்டை.
பத்துக்குப் பத்து, நூறு கட்டம்.
கைக்கு வந்தது எட்டாயிரத்து ஐந்நூறு,
கட்டுவது தினம் நூறு.
கட்டத்துக்கு ஒரு தேதி,
தேதிக்குக் கீழே கஜபதியின் சுழி.
புயலடித்த இரண்டு நாள் வெறுமை,
மூன்றாம் நாள் ஒரே மையில் மூன்று சுழி,
ஓரத்தில் அபராதம்.
பெரிய பெரிய வங்கியின் புள்ளிவிவரத்திலும்
இப்படி ஓட்டையில்லாத தொடரை நான் கண்டதில்லை.
ரப்பர் பேண்டு போட்டு
பழைய அட்டை இன்னும் இருபத்தொன்று வைத்திருந்தாள்.

எங்கள் வினாத்தாள் பன்னிரண்டு பக்கம்.
சோப்பு உண்டு, பூ உண்டு,
வெற்றிலைக்குத் தனி வரி உண்டு.
கடனுக்கு ஒரு கட்டம் இல்லை.

வகுப்பில் சொல்லித்தந்தார்கள்:
இன்றைய மதிப்பு நேற்றையதில் தொங்குகிறது.
அந்தக் கெழு ஒன்றைத் தொட்டுவிட்டால்
தொடர் தன் சராசரிக்குத் திரும்பவே திரும்பாது.
கரும்பலகையில் நாலு வரி நிரூபணம்,
பரீட்சையில் பத்து மார்க்.
இங்கே அதைப் பாக்கி என்கிறார்கள்.
ஏழாம் அட்டையை அடைக்க எட்டாம் அட்டை.

"இத்த வச்சி இன்னா பண்ணுவ?"
கோடு வரைவேன் என்றேன்.
"வரஞ்சா?"
நான் அட்டைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொன்றாக, நிழல் விழாமல்.
"கஜபதி கண்ணுல காட்டாத" என்று மட்டும் சொல்லி
அடுத்த இறாலை எடுத்தாள்.

ரிஸ்வானாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
காலடிப்பேட்டை மெட்ரோ வரை
அவள் பக்கத்திலேயே நடந்தேன்,
வெயிலைப் பற்றிப் பேசினேன்.

இரவு கோப்பைத் திறந்து
புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்.
பதினேழாம் வரியில் எண்களை இட்டேன்.
மற்ற நூற்று எழுபத்தொன்பது வீட்டுக்கும்
புள்ளி.