ஏழாவது மூலை

தினேஸ்வரன் வந்திருந்தான்.
கழுத்தில் அட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து.
"நிலத்தைச் சுத்தி ஒரு தடவை நடக்கணும் அக்கா,
மூலைக்கு மூலை நின்னு இதை அழுத்தணும்.
இல்லேன்னா வர்ற வருசம்
உங்க குலையை ஆலையில எடுக்கமாட்டாங்க."

யாரு கேக்குறது?
"வெளிநாட்டுல."
வெளிநாட்டுல யாரு?
கொஞ்சம் யோசித்து,
"பிஸ்கட் செய்யறவங்க" என்றான்.

ஜாவியிலிருந்து உள்ளே,
வாய்க்காலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே
மூணேகால் ஏக்கர் செம்பனை.
அவருடைய சேமநிதி, என் கூட்டுப் பணம்,
இன்னும் மீட்காத இரண்டு காப்பு.

"முன்னே இது காடா?"
ரப்பர்.
"அதுக்கு முன்னே?"
அப்பவும் ரப்பர்தான் தம்பி.
"அதுக்கும் முன்னே?"
அதுக்கும் முன்னே இங்கே காட்டை வெட்டினவங்க பேரு
எந்தக் கிராணி புத்தகத்திலும் இருக்காது.
"அதுக்குக் கட்டம் இல்லக்கா."
'காடு இல்லை' என்பதைத் தொட்டான்.

சுமோன் முன்னால் போனான், மட்டைகளை விலக்கிக்கொண்டு.
குலை வெட்ட வந்து ஆறு வருசம்,
பெர்மிட் முடிந்து எட்டு மாதம்.
எங்கோ யுத்தம் என்று உரம் விலை ஏறியபோது
ஒரு வருசம் போடாமல் விட்டேன்.
மரம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு வருசம் பொறுத்துக்
கணக்குக் கேட்டது:
வரிசை வரிசையாக வெறும் ஆண்பூ.
அதை முதலில் பார்த்துச் சொன்னவன் அவன்தான்.

ஆறு மூலை முடிந்தது.
ஏழாவது,
போன மழையில் கரையோடு சரிந்து
வாய்க்காலுக்குள் கிடக்கிறது, மரத்தோடு.
வரைபடம் மூடவில்லை என்றது திரை.
தினேஸ்வரன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
நான் தண்ணீரைப் பார்த்தேன்.

சுமோன் இறங்கினான்.
மார்பளவுத் தண்ணீரில்
கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து
ஒற்றை விரலால் அழுத்தினான்.
மூடியது.
பச்சைக் கோட்டுக்குள் எங்கள் நிலம்,
ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி.

"அளந்தவர் பெயர்" என்ற இடத்தில்
தினேஸ்வரன் தன் பெயரை எழுதினான்.
வேறென்ன எழுதுவான்.

கைலியைப் பிழிந்துகொண்டே
சுமோன் மலாயில் கேட்டான்:
"அக்கா, இதனால குலைக்கு எத்தனை காசு ஏறும்?"

நாலு மணி லாரி
திருப்பத்தில் ஹாரன் அடித்தது.
இன்றைக்கு டன்னுக்குப் பன்னிரண்டு வெள்ளி
இறங்கியிருக்கிறது.
உதிரிப் பழங்களைப் பொறுக்கக் குனிந்தேன்.