எல்லாத் தளங்களிலும் காட்டு

களியக்காவிளை சந்தைக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில்
எங்கள் ஆபீஸ்.
மேற்கு ஜன்னலோரம் நாற்காலியை இழுத்தால்
கைபேசி கேரளத்துக்குப் போய்விடும்,
ஸ்வாகதம் என்று ஒரு குறுஞ்செய்தி.
கிழக்கே இழுத்தால் திரும்பி வந்து
வணக்கம் சொல்லும்.
இடையில் நான் எதையும் தாண்டியதாக நினைவில்லை.

பினீஷும் சஜினும்
தமாமிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும்
ஒரே அழைப்பில் வந்தார்கள், இரண்டு கட்டங்களாக.
பாறசாலை போகிற வழியில் அப்பன் விட்டுப்போன வீடு.
கீழே ஒன்று, மேலே ஒன்று,
அதற்கும் மேலே ரப்பர் ஷீட் காயும் தகரக் கொட்டகை.
"நடுவில ஒரு சுவர் போதும்" என்றான் மூத்தவன்.
"அஸ்திவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும்" என்றான் இளையவன்.
பிறகு இருவரும் என் திரையையே பார்த்தார்கள்.
ஒருவரையொருவர் பார்க்காமலிருக்க
அது வசதி.

வரைந்தேன்.
ஒன்பது அங்குலம், செங்கல்.
அடி: தரைத்தளம். உச்சி: கூரை.
கீழே நகர்த்தினால் மேலேயும் நகரும்,
மேலே அழித்தால் கீழேயும் போய்விடும்.
மென்பொருளுக்குத் தெரிந்த ஒழுக்கம் அவ்வளவுதான்.

தரைத்தளத்தில் பெரிய தொல்லையில்லை.
ஹால் இரண்டாயிற்று,
கிணற்றுப் பக்கம் யாருக்கு என்று பதினொரு நிமிடம்.
முதல் தளத்தைத் திறந்தேன்.
எனக்கு முன்பே அங்கே வந்து நின்றது சுவர்,
வராந்தாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு.
இருப்பதோ ஒரே படிக்கட்டு, அது இளையவன் பக்கம் விழுந்தது.
"வெளிய இரும்புல ஒண்ணு வச்சிரலாம்" என்றான் மூத்தவன்,
குரல் கொஞ்சம் இறங்கி.

அந்த வராந்தா எனக்குத் தெரியும்.
அளக்கப் போனபோது நாடாவின் இரு முனைகளைப் பிடித்தவர்கள்
அவர்கள் வீட்டுக்காரிகள், ஷிஜியும் ஜெபலினும்.
இருபத்தாறு அடி நாலு அங்குலம்.
"தொய்ய விடாதடி" என்று ஒருத்தி கத்த
மற்றவள் சிரித்ததில் நாடா ஆடி
இரண்டாம் தடவை அளந்தோம்.

சுவரின் பண்புகளில் ஒரு வரி உண்டு,
எங்கே காட்ட வேண்டும் என்று.
எல்லாத் தளங்களிலும்.
ஒரு தளம் மேலே வரை.
சொந்தத் தளத்தில் மட்டும்.

காட்டாதே என்றால் இல்லை என்று பொருளல்ல.
வெட்டுமுகத்தில் அது நிற்கும்.
முப்பரிமாணத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும்.
மாடியின் தாளில் மட்டும்
வராந்தா வராந்தாவாகவே கிடக்கும்.
கொத்தனார் புஷ்பராஜ் முப்பரிமாணம் பார்க்கிற ஆளில்லை.
தாளில் உள்ளதைக் கட்டுவார்,
இல்லாததைக் கட்டமாட்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு தடவை கரண்ட் போயிற்று.
எந்த வரியைச் சொடுக்கிச் சேமித்தேன் என்று
யாராவது கேட்டால் சொல்ல
ஒரு பதில் வைத்திருக்கிறேன்.
ஐந்து நகல் எடுத்து, பாக்கி ஆயிரத்து இருநூறு வாங்கி
ரசீது கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து ஜெபலின் கூப்பிட்டாள்.
"மேல சுவர விட்டுட்டீங்க போல."
நான் பேசவில்லை.
"கொத்தனார் கேட்டாரு. நாங்கதான் பைய பாத்துக்கலாம்னு சொன்னோம்."
அவளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் மணி
தூரம் போய், திரும்பி, கிட்டே வந்தது.
அவர்கள் எப்போது லீவில் வருகிறார்கள் என்று கேட்டேன்.
"இவரு கிறிஸ்மஸுக்கு. அவரு ஈஸ்டருக்கு."
பிறகு மெதுவாக,
"படம் தப்புன்னு யாருட்டயும் சொல்லாண்டாம், என்ன?"

கோப்பு என்னிடம் இருக்கிறது.
வேலையில்லாத மத்தியானங்களில் திறந்து சுழற்றுவேன்.
மாடியில் நிற்கிறது அந்தச் சுவர்,
பூசாமல், ஒரு ஆணிகூட ஏறாமல்,
சைக்கிள் அதற்குள் புகுந்து வெளியே போகிறது.
அழித்துவிடலாம்.
அழித்தால் கீழே உள்ளதும் போய்விடும்.
கீழே உள்ளது நிஜம்,
வெள்ளையடித்தாகிவிட்டது.
இரண்டு பக்கமும் தொங்குகிறது
ஒரே சர்ச்சின் காலண்டர்.