பதினான்கு சுழிகள்

சுப்பீரியர் ஏரியில் பனிப்பாளம் முனகுவது
ஆறாம் இன்னிங்ஸ் வரை கேட்கிறது.
ஏப்ரல். காப்பர் பே. வந்திருப்பவை
இருநூற்றுச் சொச்சம் போர்வைகள்,
உள்ளே ஆட்கள் இருக்கலாம்.

ஸ்கோர் பலகைக்குப் பின்னால், ஏணிமேல் நின்று
எண்களை ஆணியில் மாட்டுகிறாள் ஐலா கெம்பைனன்.
கீழே முக்காலியில் நான்,
ஸ்டர்ஜன்ஸ் அணியின் கணக்கெழுதி.
தகரப்பெட்டியில் சுழிகள் பதினான்கு.
இத்தனை வருஷம் அது போதுமாயிருந்தது.

பெகுவேரோ விரல்நுனியில் ஊதுகிறான்.
மூச்சுக்கு உருவம் உண்டு என்பதை
இந்த ஊருக்கு வந்துதான் பார்த்தானாம்.
எறிகிறான். மட்டை காற்றைச் சீவுகிறது.
ஒரு சுழி.

நம் ஆட்கள் மட்டை பிடிக்கிறார்கள்.
இந்தக் குளிரில் பந்து பட்டால்
உள்ளங்கையில் குளவி கொட்டும்.
படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.
இன்னொன்று.

முதல் தளம் அறம் என்று வையுங்கள்,
இரண்டாவது பொருள்.
ஸ்ட்ராட் எப்படியோ இன்பம் வரை வந்துவிடுகிறான்,
இடுப்பில் கைவைத்து நிற்கிறான்.
வீடு தொண்ணூறு அடியில் இருக்கிறது.
வீடுபேறு அவ்வளவு லேசா?
அடுத்தவன் பந்தை வானத்துக்கு அனுப்புகிறான்,
வானம் அதை எதிரியின் கையுறைக்குள் போடுகிறது.
மூன்றாம் தளத்தில் இதுவரை கைவிடப்பட்டவர்கள்
முப்பத்தொரு பேர்.
ஒவ்வொரு பெயரும் என்னிடம் இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி, எட்டாம் இன்னிங்ஸ் தொடங்கும்போது
பெட்டி காலி.
ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது.
எட்டைக் கவிழ்த்தாலும் எட்டுதான்.
சுழிக்கு மாற்று எதுவுமில்லை.
ஐலா பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து
முழங்கையால் துடைத்து மாட்டினாள்.
அடுத்ததற்குக் காபி டப்பா மூடி.
அதற்கடுத்து, ஒன்றும் பேசாமல்
கையைக் கீழே நீட்டினாள்.
பாஸ்டித் துணுக்கைத் தட்டிவிட்டு என் தட்டைக் கொடுத்தேன்.

போர்வைகள் எழுந்து நின்று கைதட்டின.
தட்டுக்கா, பெகுவேரோவுக்கா, தெரியவில்லை.

பிறகு ஒன்பதாவதின் கடைசிப் பாதியில்
எதிரணி எறியாளனுக்குக் கை மரத்து
பந்து நழுவி வேலி வரை உருண்டது.
ஸ்ட்ராட் நடந்தே வீடு சேர்ந்தான்.
ஒன்று என்ற பலகையில் துரு.

அன்றிரவும் மேலாளர் டுபுவா வந்தார்.
"எப்படிப் போகுது?"
பதினோரு ஆட்டம். கொடுத்தது இருபத்திரண்டு,
எடுத்தது பதின்மூன்று. நாலில் ஜெயம், ஏழில் தோல்வி.
"அப்ப எறியறவன் தங்கம், அடிக்கிறவன் தகரம்?"
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதந்தான்.
இங்கே உலையே கொதிக்கவில்லை, ஐயா.
அவருக்கு அது பிடிக்கவில்லை.
ஏப்ரலில் பதில் வேண்டுபவர்களுக்கு
எதுவும் பிடிப்பதில்லை.

மே நடுவில் காற்று தெற்காகத் திரும்பியது.
போர்வைகள் ஆட்களாயின.
அதே தகரங்கள் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று அடித்தார்கள்,
ஐலா ஏணியில் ஏறி இறங்கிக் கால் வீங்கிப் போனாள்.
எட்டு ஆட்டத்தில் ஐம்பத்தொரு ஓட்டம்!
கொடுத்தது ஐம்பத்தைந்து.
காற்றுக்குக் கட்சி கிடையாது.
பெகுவேரோ எறிந்ததும் வேலிதாண்டி
பைன் மரங்களுக்குள் போய் விழுகிறது.
அவன் இப்போது விரலில் ஊதுவதில்லை.
ஊதிப் பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

டுபுவா கேட்பதை நிறுத்திவிட்டார்.

பெட்டியில் சுழிகள் அடுக்கடுக்காய்ச் சும்மா கிடக்கின்றன.
அந்தப் பெயிண்ட் மூடியை மட்டும்
ஐலா உள்ளே போடவில்லை.
பலகையின் ஓரம், எந்தக் கட்டத்திலும் சேராத ஓர் ஆணியில்
அது வெயிலில் மின்னுகிறது.
வெளியூர்க்காரர்கள் வந்து கேட்கிறார்கள்,
அது யாருடைய கணக்கு என்று.