பதின்மூன்றாம் சானல்

டெபியனுக்கு மாறின இரவு
கொக்குவிலில் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
பழைய உபுண்டு வருசா வருசம் பருத்து
விசிறி மா அரைக்கிற மில்லாய்க் கத்தினபடியால்தான்
மாறினேன். வேறு மனஸ்தாபம் ஒன்றுமில்லை.

புதியது நல்ல மெலிவு.
சத்தம் இல்லை.
வைஃபையும் இல்லை.

சில்லுதான் பிழையாம். சில்லென்றால்
சைக்கிளுக்கு இருக்கிறது தெரியும்,
இது நகத்தளவு. புறோட்கொம் கொம்பனி.
அதை எழுப்புகிற கோப்பு இணையத்தில் கிடக்கிறது.
இணையத்துக்குப் போக அந்தக் கோப்பு வேணும்.
திறப்பை உள்ளே வைத்துவிட்டுக்
கதவை அடித்துச் சாத்தின மாதிரி
சிரித்துக்கொண்டு நின்றேன் கொஞ்ச நேரம்.

பிறகு கைபேசியை வயரில் கொழுவி
டேட்டாவில் மிஞ்சியிருந்த சில்லறையை வழித்து
இறக்கி, ஏற்றி, அணைத்து, எழுப்ப

வந்துவிட்டது ஒழுங்கை முழுதும்!
சிவகாமி அகம். முருகா 2.
தொடாதே. கோழிக்கடை.
மதிலுக்கு அங்கால் புதிதாய்க் குடிவந்த வங்கிக்காரரின்
பதினாறு இலக்கப் பெயர்.
எல்லாரும் வந்தார்கள்,
கறுப்பியைத் தவிர.

கறுப்பி எங்கட றவுட்டர்.
நாயின் பெயர்தான். நாய் செத்து மூன்று வருசம்,
பெயரை மாற்ற மனம் வரவில்லை.
கைபேசியில் அது நாலு கோட்டோடு வாலாட்டுகிறது.
நாலடி தள்ளி, மேசையில்,
மடிகணினிக்கு அப்படியொரு நாயே இல்லை.

அன்ரன் றொசாந் ஞாபகத்துக்கு வந்தான்.
போன மாசியில் ஏணியோடு வந்து றவுட்டர் பூட்டினவன்,
குருநகர்ப் பெடியன்.
"மற்றச் சானலெல்லாம் ஒரே சனம் அக்கா,
பதின்மூண்டில ஒருத்தரும் இல்லை,
அதில போட்டு விடுறன்."

பதின்மூன்று.
கறுப்புத் திரையில் கேட்டேன், நீ எங்கே இருக்கிறாய் என்று.
யூ.எஸ். என்றது.

அங்கே பதினொன்றோடு சரியாம்.
அதற்கு மேலே எவர் கூப்பிட்டாலும்
காது கொடுக்கக் கூடாது என்று சட்டம்.
கொக்குவில் கிழக்கில், பிளாஸ்ரிக் கதிரைக்கு முன்னால்,
நுளம்புத்திரி சாம்பல் உதிர்ந்த மேசையில்
என்ர கணினி
அமெரிக்கச் சட்டத்துக்கு அடங்கி இருந்திருக்கிறது.
விசா இல்லாமல்.
சின்னண்ணைக்கு இரண்டு தரம் மறுத்த இடம்.

மாற்றலாம். ஒரே ஒரு வரி,
கடைசியில் இரண்டெழுத்து: எல்.கே.

எத்தனை படிவங்களில் 'நாடு' என்ற கட்டத்தை
நிரப்பியிருப்பேன். எழுதினதால்
ஒரு கதவும் திறந்து நான் கண்டதில்லை.
இடம்பெயர்ந்த வருசம் ஒரு படிவத்தில் அப்பா
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டார்.
கிளாக்கர் தானே எழுதிக்கொண்டார்.
விரல் எல்லுக்கு மேலே நின்றது.
ஏன் நின்றது என்று கேட்டால்
கரண்ட் போகுமோ என்று பார்த்தேன் என்பேன்.

ஒன்றே முக்கால்.
விடிய ஏழுக்குள் மார்க்கத்தில் இருக்கிற
பேக்கரிக்காரருக்குச் சம்பளக் கணக்கு போக வேணும்.
பதினாலு பேரின் ஓவர்ரைம்.

அடித்தேன்.

மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.
பட்டியலின் அடியில் கறுப்பி வந்து நின்றது.
கடவுச்சொல்லைக் கேட்டது.
கொடுத்தேன்.

கணக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பிழையோடு,
அது என்ர பிழை, டெபியனில் குற்றமில்லை.

அணைத்து எழுப்பினால் எல்லாம் மறந்து
திரும்பவும் அமெரிக்காவில்தான் கண் விழிக்கும்.
நிரந்தரமாய் எழுதிவைக்க ஒரு கோப்பு உண்டு.
இன்னும் எழுதவில்லை.
திரைக்குக் கீழே ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்:
'எழும்பினதும் நாட்டைச் சொல்ல வேணும்.'

சின்னண்ணை தேத்தண்ணியோடு வந்து
அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"ஆருக்கு?" என்றார்.