பனி முதலில் உருகும் இடம்

மார்ச் கடைசியில் எங்கள் புழக்கடையில்
ஒரு செவ்வகம் மட்டும் முன்னதாகவே பச்சையாகும்.
சுற்றிலும் முழங்கால் பனி.
மான்கள் அங்கே வந்து மேயும்.
விருந்தாளிகளை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டுவேன்:
விஸ்கான்சின் முழுக்கத் தேடினாலும்
வசந்தம் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறது.

அது வசந்தம் இல்லை.
நானும் வெர்னாவும்தான்.
எங்கள் குளியல், எங்கள் சலவை, எங்கள் மற்றவை
மண்ணுக்கடியில் வெதுவெதுப்பாய்ப்
பரவிக்கொண்டிருந்தன.

நூற்று அறுபத்து மூன்று வீடுகள்,
ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஓர் ஏரி.
ஆகஸ்டில் ஏரிதான் முதலில் வாயைத் திறந்தது.
பட்டாணிக் கூழ் போலப் பாசி.
நீந்தாதீர் என்று மஞ்சள் பலகை.
நாய்களுக்குப் படிக்கத் தெரியாது;
ஹ்ரோமட்கா வீட்டு நாய் குடித்துவிட்டுச் செத்தது.

ஊர்க்கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள்:
எல்லா வீட்டுக்கும் குழாய்,
சோளக்காட்டுக்கு அப்பால் ஒரே சுத்திகரிப்பு நிலையம்,
வீட்டுக்கு இருபத்தோராயிரம் டாலர், தவணையில்.
மடியில் கனமில்லாதவனின் தோரணையில் எழுந்தேன்.
"என் தொட்டி எழுபத்தெட்டில் கட்டியது. கல்லு.
கரையோரத்துக்காரர்களைக் கேளுங்கள்" என்றேன்.
கைதட்டினார்கள்.
கரையோரத்தில் எனக்கு நேர் கீழே இருப்பவன் ஓரின் ஷிமான்ஸ்கி.
வேலித் தகராறில் பதினொரு வருடமாய்ப் பேச்சில்லை.
அவன் தொப்பியை மடித்துப் பையில் வைத்தான்.

மாவட்டத்திலிருந்து கோரின் லிண்ட்குவிஸ்ட் வந்தாள்,
ஷூவுக்கு மேல் நீல உறை, கையில் புட்டி.
கழிப்பறையில் சாயத்தை ஊற்றி
"அழுத்துங்கள்" என்றாள்.
அழுத்தினேன்,
ரிப்பன் வெட்டுபவனைப் போல.

ஒன்பதாம் நாள் ஓரினின் ஃபோன்.
"வா" என்றான், அவ்வளவுதான்.
அவன் படகுத்துறையில்,
பேத்திகள் தண்ணீருக்குள் இறங்கும் ஏணியடியில்
கிளிப்பச்சையாய் ஒரு நூல்
அவசரமில்லாமல் அவிழ்ந்துகொண்டிருந்தது.
ஏதாவது திட்டுவான் என்று நின்றேன்.
மடக்கு நாற்காலி ஒன்றை விரித்துப் போட்டான்.
இருட்டும்வரை இருவரும்
என் வீட்டை வேடிக்கை பார்த்தோம்.

வாக்கெடுப்பில் கை தூக்கினேன்.
இந்த முறை யாரும் தட்டவில்லை.

இரண்டு கோடைக்காலம் தெருவெல்லாம் அகழி.
கூன் வீட்டு மேப்பிள் மரம் வேரோடு போயிற்று.
குண்டா ஹால்வர்சன் தவணைக் கணக்கைப்
பென்சிலால் மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டு
வீட்டை விற்றுக்கொண்டு மகளோடு போய்விட்டாள்.
கூட்டத்தில் காட்டிய படங்களில் அவள் இல்லை.

என் தொட்டியைக் கடைசியாக ஒருமுறை உறிஞ்சி
அடியை உடைத்து மணல் கொட்டினார்கள்.
கல்லெல்லாம் இல்லை. பக்கவாட்டில்
கை நுழையும் அளவுக்கு விரிசல்.
இப்போது என் குழாயும் ஓரினின் குழாயும்
வேலி முனையில், எட்டடி ஆழத்தில்
தினமும் காலை ஆறரைக்குச் சந்திக்கின்றன.
மேலே நாங்கள் இன்னும்
"குளிர் அதிகம்" என்பதைத் தாண்டவில்லை.

மாதம் அறுபத்து நான்கு டாலர்.
ஒவ்வொரு பில்லுக்கும் முணுமுணுக்கிறேன்.
ஏரி தெளிந்ததா என்று கோரினைக் கேட்டேன்.
"நாற்பது வருடம் ஊட்டியிருக்கிறீர்கள்,
அடிச்சேறு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது,
அது செலவழித்துத் தீரட்டும்" என்றாள்.

இந்த மார்ச்சில் புழக்கடை முழுக்க ஒரே வெள்ளை,
வேலிவரை, மடிப்பில்லாமல்.
மான்கள் வந்தன.
பழைய இடத்துக்கு நேராய் நடந்து
குளம்பால் கிளறின.
பனி. கீழே பனி. கீழே உறைந்த மண்.
பெரியது தலையைத் தூக்கி
ஜன்னலைப் பார்த்தது.

விளக்கை அணைத்தேன்.