கடைசித் தாள்

சகாவோ நீரிணையில் மூடுபனி.
படகு எப்போது வருமென்று டிக்கெட்காரனுக்கும் தெரியவில்லை.
லாரியை அணைத்துவிட்டு இறங்கினார் ஒவிதியோ.
பின்னால் என் கார்,
கூரைமேல் பிரித்துக் கட்டிய தொட்டில்.

"யாருக்கு?"
"தங்கைக்கு. இரட்டைக் குழந்தைகள். தொட்டில்தான் ஒன்று."
"நாங்கள் ஏழு பேர், ஒரே கட்டில்.
நடுவில் படுத்தால் குளிராது,
உதைதான் விழும்."

அவருக்கு ஊர் கெம்ச்சி.
என் ஊரிலிருந்து கடல் தெரியாது என்றேன்.
"பிறகு எப்படித் தூங்குவீர்கள்?"
நிஜமாகவே கவலைப்பட்டார்.

முர்த்தாப் பழம் போட்டு வேகவைத்த
சீமைமாதுளை ஒரு ஜாடி வைத்திருந்தார்.
மூடியோடு இருவரும் மல்லுக்கட்டினோம்.
கரண்டி என்னுடையது, ஒன்றே ஒன்று.
கிராம்பு அதிகம் என்றேன்.
மனைவியிடம் சொல்லமாட்டேன் என்றார்.

கடிகாரம் திருடிய நரியின் கதை
அவரும் படித்திருக்கிறார்!
எங்கள் புத்தகத்தில் கடைசித் தாள் கிடையாது,
அண்ணன் கப்பல் செய்துவிட்டான்.
"திருப்பிக் கொடுத்துவிடும்" என்றார்.
ச்சே.
முப்பது வருடம் ஓடிய நரி
அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

சங்கு ஊதியது.
லாரி ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினார்:
"பொய் சொன்னேன்!
என் புத்தகத்திலும் அந்தத் தாள் இல்லை!"

கரண்டி
அவரோடு போய்விட்டது.